செந்தட்டியின் இரண்டு நிமிஷம்

கோவில்பட்டியில் பிறந்த ஒருத்தனைப் பார்த்து உனக்கு ஹாக்கி தெரியுமா என்று கேட்பது, மீன்காரர் மகனைப் பார்த்து உனக்கு மீன் தெரியுமா என்று கேட்பது மாதிரி என்று கோமதிநாயகம் எல்ம்ஃபோர்டுக்குப் போய் இறங்கிய முதல் வாரமே நாலு பேரிடம் சொல்லிவிட்டான். பள்ளிக்கூட அணிக்கே தான்தான் கோல்கீப்பர் என்பதையும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சேர்த்துச் சொன்னான். சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு சின்ன முள் குத்தும். குத்தினாலும் அவன் பேச்சை நிறுத்தவில்லை, பழகிப்போன முள்தானே.

எல்ம்ஃபோர்டு கனடாவில் இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை நிலம், அதற்கு நடுவே ஒரு சின்னப் பல்கலைக்கழகம், ஒரு மாதா கோயில், ஒரு பனி ஹாக்கி அரங்கம். மண்ணைப் பற்றி மேல்படிப்பு படிக்க வந்த கோமு என்கிற கோமதிநாயகம் டோரீன் என்கிற அம்மாள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தான். டோரீன் புருஷனை இழந்தவள், மாட்ச் பார்த்துக்கொண்டே கம்பளி பின்னுகிறவள், பின்னிக்கொண்டே நடுவரைத் திட்டுகிறவள். ஹாக்கி தெரிந்த பையன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கலாமா என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனையும் அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் கோமுவுக்குத் தெரிந்த ஹாக்கி எல்லாம் காணாமல் போய்விட்டது. பந்து இல்லை, கறுப்பாக ஒரு ரப்பர் தட்டு, அதைக் கண்ணால் பிடிப்பதற்குள் அது வேறெங்கோ போய்விடுகிறது. ஓட்டம் இல்லை, வழுக்கல்தான். ஒருத்தனை ஒருத்தன் கண்ணாடிச் சுவரோடு வைத்து நசுக்கினால் கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. எல்லை மீறி நசுக்கினால் மட்டும் நடுவர் ஊதி, ஓரத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கையால் காட்டுகிறார், தப்பு செய்தவன் அதற்குள் போய், ஊரே பார்க்க, இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் சட்டை எண்ணும் அவனுக்கு மிச்சமிருக்கும் நேரமும் மேலே பெரிய பலகையில் எரியும். பெட்டிக் கதவைத் திறந்து மூடுகிற வேலை வால்ட்டர் என்கிற கிழவருடையது, அவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஆட்டம் பாதி ஆகியிருக்கும், எல்ம்ஃபோர்டின் கோல்கீப்பர் எதிரணிக்காரன் ஒருத்தனின் காலைத் தன் மட்டையால் வாரிவிட்டான். நடுவர் விசில் ஊதினார். ஆனால் கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றான். ஒன்றும் அறியாத இன்னொரு பையன், டைலர் என்று பெயர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டியை நோக்கி வழுக்கிப் போனான். கோமு ஏன் என்று கேட்டான்.

கம்பளி ஊசியை நிறுத்தாமல் டோரீன் சொன்னாள்: “கோல்கீப்பர் இடத்தை விட்டு நகரக் கூடாது. அவன் செய்த தப்புக்கு வேறொருத்தன் போய் உட்காருவான். இங்கே அதுதான் முறை.”

அவள் சொல்லி முடிக்கவும் வால்ட்டர் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. பெட்டிக்குள் ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

வெளிறிய நீலச் சட்டை, முதுகில் நாலாம் எண், பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தைத்தது, இப்போது வயிற்றில் இறுகிக் கிடந்தது. காக்கி டவுசர். செருப்பில்லாத கால், முழங்கால் வரை கரிசல் மண். மடியில் ஒரு மட்டை. டைலர் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னான், அவனும் தள்ளி உட்கார்ந்தான். டைலரின் நேரம் முடிந்தது, டைலர் போனான். நாலாம் எண்காரன் போகவில்லை. மேலே பலகையில் நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிஷம் எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, ஒரு விநாடிகூடக் குறையவில்லை. அவன் கண்ணாடி வழியாகக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான், கோமு இருந்த வரிசைக்கு வந்ததும் ஊர் முக்கில் பார்த்துக்கொள்வது போல லேசாகப் புருவத்தைத் தூக்கினான். கோமு குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அது செந்தட்டி. கோமுவின் பள்ளிக்கூட அணியில் ஃபுல் பேக், கோலுக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். ஏழு வருஷத்துக்கு முன்னால், மாவட்ட இறுதி ஆட்டத்தில், முடிகிற நேரத்தில் கோமுவின் இரண்டு காலுக்கும் நடுவே பந்து போனது. போட்ட பையன் ஒல்லிப்பிச்சான், வெளியூர்க்காரன், கைகுலுக்க வந்த இடத்தில் சும்மா இருக்காமல் சிரித்துவிட்டான். கோமு மட்டையை ஓங்கி அவன் வாயிலேயே போட்டான். தாடை உடைந்தது, பல் மண்ணில் கிடந்தது. இன்னொரு அடி விழுந்தால் ஆள் போய்விடுவான் என்று செந்தட்டி பாய்ந்து வந்து மட்டையைப் பிடுங்கினான், சுற்றிக் கூட்டம் கூடியது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பி.டி. மாஸ்டர் உள்ளே வந்தபோது மட்டை இருந்தது செந்தட்டி கையில். நீயாடா என்று கேட்டார். செந்தட்டி கோமுவைப் பார்த்தான். கோமு தரையைப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது, யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

செந்தட்டிக்கு ஆயுசுக்கும் ஆடக் கூடாது என்று ஆனது, பள்ளிக்கூடத்திலும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்திய முகாமுக்கே போவான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த பையன் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றப் போனான். கோமுவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் என்ஜினியரிங் சீட்டு கிடைத்தது, அதைப் பிடித்து ஏறி ஏறி இந்த அரங்கத்து நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்பது ஏழு வருஷமாக அவன் தனக்குத்தானே சொல்லிவந்த சமாதானம்.

எல்ம்ஃபோர்டில் அன்றைக்கு ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது வால்ட்டர், நேரம் முடியாத ஆளை வைத்துக்கொண்டு எப்படிப் பூட்டுவது என்று கையைப் பிசைந்தார். கடைசியில் பெட்டிக்கு மேலே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டுப் போனார்கள். மறுநாள் ஊர் கூடிப் பேசியது. எங்கிருந்து வந்தான், எப்படி வந்தான் என்பதைப் பற்றி அந்த ஊர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, வந்தவன் பெட்டிக்குள் இருக்கிறான், பெட்டிக்குள் இருப்பவனை நேரம் முடியாமல் எழுப்பக் கூடாது, இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இவன் உட்கார்ந்திருப்பதால் எந்த அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும் என்பதில்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. இவன் எந்த அணிக்கும் ஆள் இல்லை, ஆகவே யாருக்கும் குறைவில்லை என்று முடிவானதும் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் அவன் ஊர்ச் சொத்து மாதிரி ஆகிவிட்டான். ஒரு வீட்டிலிருந்து சூப் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து போர்வை வந்தது, மாதா கோயில்காரர்கள் காலுக்கு உரோம பூட்ஸ் கொண்டுவந்தார்கள், அவன் அதைப் போட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டான். டோரீன் சிவப்புக் கம்பளியில் ஒரு குல்லா பின்னிக் கொடுத்தாள், அதை மட்டும் போட்டுக்கொண்டான். வெளியூர் அணிகள் முதலில் முகத்தைச் சுளித்தன, பிறகு பழகிவிட்டன, பெட்டிக்குள் வருகிற முரடர்கள் அவன் பக்கத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கு மறுபடி யாரையும் அடிப்பதில்லை என்று பயிற்சியாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவன் யாரோடும் பேசவில்லை. பேசாதவனைக் கண்டால் மனுஷருக்குப் பேச வருமே, ஊர் அவனிடம் பேசத் தொடங்கியது.

இவன் எந்த கோல்கீப்பருக்காக உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வியில் அது ஆரம்பித்தது. எல்ம்ஃபோர்டில் வயசான கோல்கீப்பர்கள் நிறையப் பேர், முழங்கால் தேய்ந்தவர்கள், காது கேட்காதவர்கள், எல்லோருக்கும் தன் தப்புக்காக என்றைக்கோ உள்ளே போய் உட்கார்ந்த ஒருத்தனின் முகம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொருவராக வந்து கண்ணாடிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, என்னாலா என்று கேட்டார்கள், செந்தட்டி இல்லை என்று தலையசைத்தான். பிறகு கோல்கீப்பராக இல்லாதவர்களும் வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் வந்தார், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள் வந்தாள். டோரீனும் ஒருநாள் போய்விட்டு வந்து, சின்ன வயசில் தான் உடைத்த கண்ணாடி ஜாடிக்காக அடி வாங்கிய அக்காவுக்குப் போன் போட்டாள், அக்கா மறந்தே போயிருந்தாளாம், இவள் விடாமல் ஞாபகப்படுத்தி இரண்டு பேரும் அழுதார்கள். ஊர் முழுக்க இப்படித் தன் அழுக்கை எடுத்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, விஷயம் தெரிந்த ஒரே ஆள் அரங்கத்தின் உச்சி வரிசையில், தூணுக்குப் பின்னால், கமுக்கமாக உட்கார்ந்திருந்தான்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை வந்தால் கால் தானாகப் போனது.

ஒருநாள் டோரீன் அவனைக் கையைப் பிடித்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சட்டை நெஞ்சில் ஏதோ எழுதியிருக்கிறது, உங்கள் நாட்டு எழுத்து மாதிரி இருக்கிறது, வாசித்துச் சொல்லு, எங்கிருந்து வந்தவன் என்று தெரிந்தால் வீட்டுக்காவது தகவல் சொல்லலாமே என்றாள். வால்ட்டரும் ஆவலாகப் பக்கத்தில் வந்து நின்றார். நெஞ்சில் அவர்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது, தமிழில், கொட்டை எழுத்தில், கோமுவிடம் இதே சட்டை ஒன்று வீட்டுப் பரணில் கிடக்கிறது. செந்தட்டி அவன் முகத்தையே பார்த்தான்.

“இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு மொழி” என்றான் கோமு. “இது வேறே மாநிலம். இந்த எழுத்து எனக்குத் தெரியாது.”

அவர்கள் நம்பினார்கள். இவ்வளவு மொழிகளை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்று டோரீன் அனுதாபப்பட்டாள். செந்தட்டி தலையைத் திருப்பி ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அன்றைக்கு வெளியே வந்த கோமுவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, மூச்சு உறைகிற குளிரில் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். முதல் தடவை வாயைத் திறக்காமல் செந்தட்டியைக் காட்டிக் கொடுத்தான், இந்தத் தடவை வாயைத் திறந்து காட்டிக் கொடுத்தான். அவனுக்கு அவன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஊருக்குப் போன் செய்தபோது, பேச்சோடு பேச்சாக, செந்தட்டி எப்படி இருக்கிறான் என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா பிச்சம்மாளுக்கு ஆச்சரியம், ஏழு வருஷத்தில் ஒரு நாளும் கேட்காத பேர்.

“இங்கனதாம்யா இருக்கான். என்ன சீக்குன்னு தெரியல, அவனுக்குக் குளிரு விடமாட்டேங்கு. மண்டையப் பொளக்க வெயிலு அடிக்கி, அவன் போர்வையச் சுத்திக்கிட்டு வெடவெடன்னு திரியுதான். டாக்டரு ஊசி போட்டுப் பாத்துட்டாரு, கேக்கல.”

ஊர் அதற்கும் பழகிவிட்டதாம். டீக்கடையில் அவனுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், தீப்பெட்டி ஆபீஸில் போர்வையோடேயே பண்டல் ஏற்ற விட்டிருக்கிறார்கள். ஆள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகிறான் என்றாள் அம்மா. கோமு வேறு ஏதோ பேசி போனை வைத்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. அது முடிந்தால் தரையில் இருக்கும் பனிக்கட்டியை உருக்கிவிடுவார்கள், அரங்கத்தைக் கோடைக்குச் சாத்திவிடுவார்கள். நேரம் முடியாமல் இருக்கிறவனை உள்ளே வைத்துக்கொண்டு சாத்தினால் அவன் என்ன ஆவான் என்று யாருக்கும் தெரியவில்லை. செந்தட்டியின் புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, மூச்சு கண்ணாடியில் படுவதுகூட நின்றுபோயிருந்தது. வால்ட்டர் படிக்கட்டில் ஒவ்வொரு வரிசையாக ஏறி, இவன் யாருக்காக இருக்கிறானோ அந்த ஆள் வந்து உட்கார்ந்தால்தான் இவன் நேரம் ஓடும், தயவு செய்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். உச்சி வரிசைக்கு வந்தபோது அவருக்கு இரைத்தது. தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, உன்னைக் கேட்கவில்லை தம்பி, நீ உட்கார் என்றார்.

அந்த வார்த்தைதான் அவனை எழுப்பியது என்று சொல்ல வேண்டும். அவன் எழுந்தான், இறங்கினான், வால்ட்டருக்கு முன்னாலேயே பெட்டிக்கு வந்துவிட்டான். அவன் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறான், ஒரு பையனின் தாடையை உடைத்தது நான், அந்த எழுத்து என் பள்ளிக்கூடத்தின் பெயர், அது என் பாஷை என்று அவர்களுடைய மொழியில் உரக்கச் சொன்னான். ஆட்டம் நின்றது. அரங்கம் எழுந்து கைதட்டியது. டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்றாள். கோமு உள்ளே போய்ச் செந்தட்டி பக்கத்தில் உட்கார்ந்தான், வால்ட்டர் கதவை மூடினார், எல்லோரும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம் இரண்டு நிமிஷமாகவே எரிந்தது.

கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. அப்போதுதான் செந்தட்டி வாயைத் திறந்தான், உதடு உறைந்திருந்ததால் வார்த்தை மெதுவாக வந்தது.

“இங்க சொல்லி என்னடே செய்ய? இங்க யாருக்கு என்னையத் தெரியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. இந்தப் பஸ் அந்த ஊருக்குப் போகாது என்று வழியில் நிற்பவனுக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னான். கோமுவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பையிலிருந்து போனை எடுத்தான். இங்கே சனிக்கிழமை இரவு ஆட்டம், அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கறிக்கடையில் வரிசையில் நின்றாள்.

“என்னய்யா இந்நேரத்துல? கூட்டமா இருக்கு, பொறவு பேசுதியா?”

“கூட்டமா இருக்கட்டும்மா. ஸ்பீக்கர்ல போடு.”

போட்டாள். கத்தி கட்டையில் விழுகிற சத்தமும், ஈரல் தனியா வைங்கண்ணே என்கிற குரலும், ரோட்டில் போகிற மினி பஸ்ஸின் ஹாரனும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கேட்டன. கோமு தன் பெயரைச் சொன்னான், இன்னார் மகன் என்று சொன்னான். பிறகு சொன்னான்.

“அன்னைக்கு அந்தப் பையன் வாயில அடிச்சது நான்தான். செந்தட்டி இல்ல. செந்தட்டி புடிச்சு இழுக்கத்தான் வந்தான். நான் பாத்துக்கிட்டே பேசாம இருந்துட்டேன்.”

கத்தி நின்றது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஐயோ என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பிறகு கறிக்கடை மாரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கரிசல் காட்டு ஊருக்கே உள்ள நிதானத்தோடு, பிச்சம்மாளிடம்தான் சொன்னார்.

“தெரியும்னு சொல்லுங்கக்கா.”

கோமு போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டான். அம்மாவின் குரல் தணிந்து வந்தது. “தெரியும்யா. எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கே தெரியும். ஒனக்கு சீட்டு கெடச்சிருச்சேன்னு வாய மூடிக்கிட்டோம். நானும்தான் மூடிக்கிட்டேன். நீயாச் சொல்லுவ, நீயாச் சொல்லுவன்னு அந்தப் புள்ள இருந்துச்சு.”

ஏழு வருஷமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரித்த முகங்கள், டீ வாங்கிக் கொடுத்த கைகள், கனடாவுக்கா போற தம்பி என்று கேட்ட பெருசுகள் ஒவ்வொருவராக அவன் முன்னால் வந்து நின்றார்கள். எல்லோரும் தெரிந்துதான் சிரித்திருக்கிறார்கள். அவன் ஒளித்து வைத்ததாக நினைத்த பொருள் நடுரோட்டில் கிடந்திருக்கிறது, ஊர் அதைச் சுற்றிச் சுற்றிப் போய் வந்திருக்கிறது. அவன் சட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, அவ்வளவு பேர் பார்க்க, அழுதான்.

யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது பலகையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது, செந்தட்டி அதைக் கவனமாகப் பார்த்தான், ஒரு நல்ல தடுப்பாட்டத்துக்குத் தலையைக்கூட ஆட்டினான். அவன் மீசையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. நேரம் முடிந்ததும் வால்ட்டர் கதவைத் திறந்துவிட்டு, வழியனுப்பும்போது செய்கிற மாதிரி ஒதுங்கி நின்றார். செந்தட்டி எழுந்து, மடியிலிருந்த மட்டையை கோமுவின் மடியில் வைத்தான். வாசலுக்குப் போனவன் திரும்பி வந்து, தலையிலிருந்த சிவப்புக் குல்லாவைக் கழற்றி கோமுவின் தலையில் மாட்டி, காது மூடும்படி இழுத்துவிட்டான்.

“குளுரும்லே” என்றான்.

வெறுங்காலோடு பனிக்கட்டியில் இறங்கி, ஆடுகிறவர்கள் விலகி வழிவிட, அந்தப் பக்கத்துக் கோலைத் தாண்டி, செந்தட்டி போய்விட்டான். போன் இன்னும் அணையவில்லை. கறிக்கடையில் மறுபடி கத்தி விழ ஆரம்பித்திருந்தது. செந்தட்டி இங்கதாம்யா வரிசையில நிக்கான், இப்பத்தான் போர்வைய எடுத்து மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டான் என்று அம்மா கிசுகிசுத்தாள். ஏதாவது சொன்னானா என்று கோமு கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை, அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போகிறான் என்றாள்.

மேலே பலகையில் நாலாம் எண் அணைந்து, அந்த இடத்தில் கோல்கீப்பரின் ஒன்றாம் எண் எரிந்தது, பக்கத்தில் இரண்டு நிமிஷம். அது ஓடுகிறதா என்று கோமு நிமிர்ந்து பார்க்கவில்லை. அரங்கம் ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது, டோரீன் ஊசியை எடுத்துவிட்டாள், தன் தப்புக்குத் தானே உட்கார்ந்திருப்பவனை அந்த ஊரில் யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. வால்ட்டர் அவன் பக்கத்தில் காபி ஒன்றை வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.